அடிக்கோடிட்ட சொல்

டெலிடைப் எந்திரம் ஒரு சொல்லின் நீளத்துக்கு எழுத்தை அடிக்காமல் நகர்ந்தது.

ஜெபகனி தலையை நிமிர்த்தினாள். ஐப்பசி மழை ஜன்னல் கண்ணாடியில் சாய்வாக வழிந்துகொண்டிருந்தது. ஏ.சி. தன் வழக்கமான முனகலை முனகிக்கொண்டிருந்தது. அறையில் சூடான எண்ணெயும் ரிப்பன் மையும் கலந்த வாடை. எந்திரத்தின் எழுத்துத் தலை மறுபடியும் கடகடவென்று காகிதத்தைக் கொத்திக்கொண்டு ஓடியது. ஆனால் வரியின் நடுவில் அது ஓடியும் கொத்தவில்லை. இருட்டில் மாடிப்படி இறங்குகிறவன் ஒரு படி இருக்கிறது என்று நம்பிக் காலை வைத்து, அந்தப் படி இல்லாமல் போன கணம்போல இருந்தது அது.

ரிப்பன் தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

முத்துக்கரை மரைன் ஒர்க்ஸ் என்பது தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்துக்குத் தெற்கே கடலை ஒட்டி இருந்த கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை. அதன் மாடியில், வேறு எந்த அறைக்கும் இல்லாத குளிரோடு, கம்ப்யூட்டர் அறை இருந்தது. ஊரில் பலர் அப்படி ஒரு சாதனத்தைப் பெயரளவில்கூடக் கேள்விப்படாத எழுபத்தெட்டாம் வருஷம். நாசரேத்துக் கணக்கு வாத்தியார் மகள் ஜெபகனி மதராஸில் போய்ப் படித்துவிட்டு வந்து அதை இயக்கிக்கொண்டிருந்தாள். பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கான விதிமுறைத் தாள்கள் எல்லாம் பழைய எந்திரம் ஒன்றில் தட்டி, காகித நாடாவில் துளைகளாகச் சேமிக்கப்பட்டிருந்தன. தலைப்புக்கு ஒரு குறி, பத்திக்கு ஒரு குறி, அடிக்கோட்டுக்கு ஒரு குறி என்று அதற்கென்று ஒரு முறை. புதிதாக வந்த எந்திரத்துக்கு அந்தக் குறிகள் புரியாது. அதன் குறிகள் வேறு. ஒன்றை மற்றொன்றாக மாற்ற மதராஸிலிருந்து ஒரு புரோகிராம் அனுப்பியிருந்தார்கள். அவள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கன்வெர்ட் என்று தட்ட வேண்டும், பழைய தாளின் பெயர், புதிய தாளின் பெயர், பிறகு ரிட்டர்ன் விசை. மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

முதலில் வந்த சில தாள்களை அவள் வரிக்கு வரி சரிபார்த்தாள். பிசகே இல்லை. பிறகு பார்க்கவில்லை. மாறிவந்த தாள்கள் பட்டறையெங்கும் போய்ப் பலகைகளில் ஒட்டப்பட்டன. பழைய தாள்களைக் கிழித்து எரிக்கச் சொன்னார் மேனேஜர் கிருபாநிதி. ஒரே வேலைக்கு இரண்டு விதமான தாள் இருந்து, போன வருஷம் இரண்டு செக்‌ஷன்காரர்கள் கைகலப்புவரை போயிருந்தார்கள். இனிமேல் தாளில் இருப்பதைச் செய்தால் போதும், யோசிக்கிற வேலையைத் தன்னிடம் விட்டுவிட வேண்டும் என்று எல்லாரையும் நிறுத்திவைத்துச் சொன்னார். சொல்லிவிட்டு மதராஸ் போயிருந்தார்.

எந்திரம் மறுபடியும் மௌனமாக நகர்ந்தது. அதே நீளம்.

அவள் எழுந்து போய்க் காகிதத்தைப் பிடித்து விளக்குக்கு நேராக வைத்துப் பார்த்தாள். கிரேனுக்கான ஆங்கிலத் தாள். கீழே ஆட்கள் நிற்கும்போது பளுவைத் தூக்குவது பற்றிய வரி. ‘லோடு மஸ்ட்’ என்று இருந்தது. பிறகு வெள்ளை. பிறகு ‘பி லிஃப்டட்’.

அந்த வெள்ளையை விரலால் தடவினாள். மை மங்கியிருந்தால் அச்சின் பள்ளமாவது இருக்க வேண்டும். காகிதம் வழவழவென்று இருந்தது. அங்கே எதுவும் அடிபடவே இல்லை.

பழைய நாடாவை எடுத்து, மாற்றாமல், உள்ளது உள்ளபடி அடிக்கவைத்தாள். அந்த இடத்தில் அடிக்கோட்டுக் குறி, அதற்குப் பிறகு ‘நாட்’, அதாவது கூடாது என்கிற சொல், அதற்குப் பிறகு அடிக்கோடு முடிகிற குறி. புரோகிராமுக்கு அந்தக் குறி தெரியவில்லை. தெரியாத குறியை விழுங்கும்போது அதற்குள் இருந்த சொல்லையும் சேர்த்து விழுங்கியிருந்தது. அவள் முதலில் சரிபார்த்த தாள்களில் அடிக்கோடே கிடையாது. அடிக்கோடு போடுவது ஆபத்தான இடங்களில்தான். கூடாது என்பதற்குக் கீழேதான்.

இதுவரை அனுப்பிய தாள்களை மனதுக்குள் எண்ணினாள்.

அன்று காலையில் போன தாள் அவள் நினைவுக்கு வந்தது. டிரைடாக் வால்வுக்கான தாள். கப்பலை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, தண்ணீரை இறைத்து, காய்ந்த குழியில் வைத்து வேலை பார்க்கிற இடம் டிரைடாக். வேலை முடிந்ததும் கடல் தண்ணீரைத் திரும்ப உள்ளே விடக் கதவின் பக்கத்தில் ஆள் நுழையும் அகலத்தில் ஒரு சுரங்கக் குழாய் உண்டு. அதன் நடுவில்தான் வால்வு. குழாயின் கடல்பக்க வாய்க்கருகே முக்குளிக்கும் டைவர் வேலை செய்யும்போது அந்த வால்வைத் திறக்கக் கூடாது என்று அந்தத் தாள் சொன்னது. இப்போது சொல்லாது.

காலையில் கேன்டீன் பிலோமினா டீ கொண்டுவந்தபோது, பம்ப் ஹவுஸுக்குத்தானே போகிறாய், இதையும் கொடுத்துவிடு என்று அவள் கையில்தான் அந்தத் தாளைக் கொடுத்திருந்தாள். பிலோமினா அதை நனையாமல் முந்தானைக்குள் செருகிக்கொண்டு, தன் புருஷன், டைவர் ரோச், இன்றைக்குச் சுரங்க வாயில் ஒட்டிக்கிடக்கிற சிப்பியைச் சுரண்ட இறங்குவதாகச் சொன்னாள். வாலிபத்தில் முத்துச் சிப்பிக்காக மூச்சடக்கி இறங்கின மனுஷன், இன்றைக்குச் சிப்பியைச் சுரண்டி எறிவதற்குச் சம்பளம் வாங்குகிறார் என்று சொல்லிச் சிரித்தாள்.

ரோச் இப்போது கீழே இருப்பார்.

ஜெபகனி போனை எடுத்துக் கைப்பிடியைச் சுற்றினாள். மறுமுனையில் மழை இரைந்தது. பம்ப் ஹவுஸ் போர்மேன் வீரபாகுவின் குரல் அதற்குள்ளிருந்து வந்தது.

“அண்ணாச்சி, ஜெபகனி பேசுதேன். டாக் வால்வை நீங்க திறக்கக் கூடாது.”

“திறக்கவா? நல்லதாப் போச்சும்மா,” என்றார் அவர். “பேப்பர்ல அப்படித்தான் போட்டிருக்கு. இது என்னடா புதுசா இருக்குன்னு யோசிச்சுக்கிட்டு நின்னேன். நீங்களே சொல்லிட்டீங்க.”

“வேண்டாம் அண்ணாச்சி. திறக்க வேண்டாம்.”

“திறக்கேன்மா. லேசாத்தான் திறப்பேன், பயப்படாதீங்க.”

லைன் கெட்டுக்கிடக்கிறது என்று நினைத்தாள். ஆனால் அவள் காதுக்கே ஏதோ தட்டியது. ‘திறக்க’ என்று சொல்லி, அடுத்த சொல்லுக்காக உதடுகள் கூடிப் பிரிந்தன, நாக்கு மேலே போய்த் தொட்டுத் திரும்பியது, மூச்சும் வெளியே போனது. சத்தம் மட்டும் இல்லை. அந்த இடத்தில் ஏ.சி.யின் முனகல்தான் கேட்டது.

“ரோச் கீழ இருக்காரு,” என்றாள். இது முழுதாக வந்தது.

“தெரியும்மா. டைவர் கீழ இருக்கையிலதான் திறக்கணும்னு போட்டிருக்கே.”

அவர் ரிசீவரை மேஜைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. காலடி. தகரக் கூரையில் மழை. பிறகு, நெடுநாள் எண்ணெய் காணாத இரும்புச் சக்கரம் ஒன்று மெதுவாக, கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றத் தொடங்கியது. மூடுங்க, மூடுங்க என்று அவள் மேஜைமேல் கிடந்த ரிசீவரிடம் கத்திக்கொண்டிருந்தாள்.

படிகளில் எப்படி இறங்கினாள் என்று தெரியாது. செருப்பு எங்கேயோ கழன்றது. முற்றமெங்கும் துருவேறிய தகடுகள். மழைத்தண்ணீர் அவற்றிலிருந்து செம்மண் நிறத்தில் ஓடியது. அந்தி வருமுன்பே இருட்டிவிட்டிருந்தது. கம்பங்களில் மஞ்சள் விளக்குகள் எரிந்தன. சுரண்டிப்போட்ட சிப்பிகள் குவியலாய் அழுகும் வாடை காற்றில் இருந்தது. டாக்கின் குழிக்குள்ளே, கப்பலின் அடிவயிற்றுக்குக் கீழே, துருத் தட்டுகிறவர்களின் சுத்தியல்கள் டொக் டொக்கென்று விடாமல் கேட்டன. அவர்களுக்கு மேலே நடக்கிற எதுவும் கேட்காது.

கதவின் கடல்பக்கத்தில், சிமெண்ட் மேடையின் விளிம்பில், மாசானம் நின்றிருந்தான். ரோச் தண்ணீருக்குள் போகும்போதெல்லாம் அவரோடு மேலே நின்று உயிர்க்கயிற்றைப் பிடிப்பவன் அவன். பக்கத்தில் இரண்டு பேர் கைப்பம்பை அமுக்கிக் காற்று அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் கூப்பிட வாயெடுக்கும்போதே கயிறு ஓடத் தொடங்கியது.

அது மாசானத்தின் கைக்குள் ஓடியது. அவன் விடவில்லை. இறுக்கிப் பிடித்தான். கயிறு அவன் உள்ளங்கைத் தோலை எடுத்துக்கொண்டு ஓடியது, பிறகு தோலுக்குக் கீழே இருந்ததையும் எடுத்தது. வெள்ளைக் கயிறு விளிம்பைத் தாண்டும்போது சிவப்பாகப் போனது. காற்றுக் குழாய் விறைத்து, பம்பைத் தரையோடு இழுத்தது. கடல் அந்த ஒரு இடத்தில் மட்டும் உள்வாங்கி, குழிந்து, சுழன்றது.

பம்ப் ஹவுஸை ஒட்டிய வால்வு மேடை பக்கத்தில்தான். வீரபாகு சக்கரத்தைப் பிடித்தபடி, தண்ணீர் ஓடுகிற சத்தத்துக்குக் காது கொடுத்து நின்றார். அவருக்கு முன்னால் பலகையில் புதுத் தாள் ஒட்டியிருந்தது.

“மூடுங்க அண்ணாச்சி.”

அந்தச் சொல் முழுசாக வந்தது. தெளிவாக, சத்தமாக. அதில் எதுவும் குறையவில்லை. அவர் மாசானத்தின் கையைப் பார்த்தார், புரிந்துகொண்டார், முகம் செத்துப்போனது. உடம்பின் மொத்தக் கனத்தையும் போட்டுச் சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுற்றினார். சுற்றியது. பிறகு சுற்றவில்லை. நடுவில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார்.

அப்போது மாசானம் கத்தினான். கயிறு அசைகிறது என்றான். ரோச்தான் இழுக்கிறார். தூக்கு என்று இழுக்கிறார். உயிரோடு இருக்கிறார்.

வீரபாகுவுக்கு அது கேட்கவில்லை. அவர் காலைத் தூணில் ஊன்றி, பல்லைக் கடித்து, இன்னொரு முறை அழுத்தினார். சக்கரம் எதையோ மீறிக்கொண்டு, மெதுவாக, பச்சைக் கட்டையை அறுக்கிற மாதிரி, பாதிச் சுற்றுச் சுற்றி நின்றது.

கயிறு தளர்ந்தது.

இழுத்தார்கள். வருவது எளிதாக வந்தது. அதுதான் பயங்கரம். டைவரின் ஈயமும் செம்பும் சேர்ந்த கனம் அந்தக் கயிற்றில் இல்லை. முதலில் செப்புத் தலைக்கவசம் மேலே வந்து மஞ்சள் வெளிச்சத்தில் மின்னியது. பிறகு தோள்கள். பிறகு நெஞ்சு. பிறகு கிழிந்த கான்வாஸ் உடுப்பு, பிறகு வாலைப்போல நீளமாகத் தொங்கிய ஏதோ. பெல்ட்டுக்குக் கீழே ரோச் இல்லை.

மேடையில் கிடத்தினார்கள். கவசத்தின் முன்கண்ணாடிக்குள் அவர் முகம் இருந்தது. ரத்தம் உதடுவரை நிரம்பியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. அவை ஜெபகனியைப் பார்த்தன, பிறகு அவளைத் தாண்டிப் பார்த்தன. உதடு அசைந்து ரத்தத்தில் ஒரு குமிழ் வந்தது. குமிழ் உடைந்தது. பம்ப்காரர்களில் ஒருவன் வாந்தியெடுத்தான். இருவரும் டாக்டரைக் கூப்பிடுவதாகச் சொல்லிக்கொண்டு மெயின் கேட் பக்கம் ஓடினார்கள். எதற்கு டாக்டர்.

பிலோமினா டீக் கெட்டிலோடு வந்துகொண்டிருந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவள் கெட்டிலைக் கீழே போடவில்லை. மெதுவாகக் கீழே வைத்தாள். மூடியைச் சரிசெய்தாள். பிறகு உட்கார்ந்து, கவசத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள்.

மழை எல்லார்மேலும் ஒரே மாதிரி பெய்தது.

வீரபாகு சக்கரத்தைவிட்டுக் கையை எடுக்காமலே சொன்னார். தான் பேப்பரைப் பார்த்துச் செய்ததாக. அதிலும் சந்தேகப்பட்டு நின்றதாக. ஜெபகனியம்மாதான் போன் பண்ணித் திறக்கச் சொன்னதாக. இரண்டு தடவை.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

“நான் சொன்னது திறக்கக் கூடாதுன்னு,” என்றாள் ஜெபகனி.

இந்த முறை போன் இல்லை. லைன் இல்லை. அவளே கேட்டாள். நான் சொன்னது திறக்க, என்று அவள் குரல் சொன்னது. பிறகு ஒரு சொல்லின் நீளத்துக்கு மழை மட்டும். பிறகு, ன்னு.

வீரபாகு தலையை ஆட்டினார். “கேட்டீங்கல்லா. அவுங்களே ஒத்துக்கிடுதாங்க.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளங்கைக்குப் பின்னால் அந்தச் சொல்லைத் தனியாகச் சொல்லிப் பார்த்தாள். கூடாது. காற்று கையில் பட்டது. வேண்டாம். காற்று. இல்லை. வெறும் சூடான காற்று. தன் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். அது வந்தது. கர்த்தரே என்றாள். அதுவும் வந்தது. மாடியில் எரிகிற ஜன்னலைப் பார்த்தாள். அவள் நிறுத்தாமல் வந்த எந்திரம் அங்கே இன்னும் அடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தாளிலும் அந்த ஒரு சொல்லை மட்டும் கவனமாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு. அது காகிதத்தோடு நிற்கவில்லை. எப்போது காகிதத்தைவிட்டு வெளியே வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன்மேல் ஏறி, தனக்குள்ளேயும் குறிகளைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

மாசானம் சட்டையைக் கிழித்துக் கைகளில் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றியதும் நனைந்தது. அரை மனுஷனை எப்படி அந்த அக்காளிடம் கொடுப்பது என்றான். மீதியை எடுத்துவந்து சேர்த்துத்தான் மாதா கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றான். அவருடைய கயிறு என் கையில் இருந்தது, என் கையில் இருந்தது என்று திரும்பத் திரும்பச் சொன்னான். வால்வு முழுக்க மூடவில்லை, இன்னும் தண்ணீர் இழுக்கிறது, அது அவனுக்கும் தெரியும். விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கப்போட்டான். பிறகு திரும்பி, படித்தவள் என்பதாலோ, அங்கே கேட்க வேறு யாரும் இல்லை என்பதாலோ, அவளிடம் கேட்டான்.

“போகவாம்மா?”

பேசாமல் இருந்திருக்கலாம். ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். ஆனால் ஒரு மனிதன் சாகப்போகும்போது வாய்தான் முதலில் திறக்கிறது.

“மாசானம், நீங்க போகக் கூடாது.”

வெளியே கேட்டது இவ்வளவுதான்: மாசானம், நீங்க போக.

அவன் முகம் இளகியது. யாராவது அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் காத்திருந்தவனைப்போல. “நீங்க சொன்னாப் போதும்மா,” என்றான். மூச்சை இழுத்தான். இறங்கினான்.

தண்ணீர் மூடிக்கொண்டது. ஒரு கை வெளியே வந்தது. கட்டு அவிழ்ந்து, துணி அதன் பின்னால் சிவப்பாக மிதந்தது. கை சிமெண்டைப் பற்றியது. உரிந்த உள்ளங்கை ஈரச் சிமெண்டில் பிடிக்கவில்லை. வழுக்கியது. திரும்பப் பற்றியது. ஜெபகனி பாய்ந்து பிடித்தாள். மணிக்கட்டு அவள் பிடிக்குள் இருந்தது. கீழிருந்து ஒரே இழுப்பு. தோளிலிருந்து மூட்டு கழல்கிற சத்தம் தண்ணீருக்கு மேலே கேட்டது. அது தன் தோளா அவன் தோளா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு அவள் கையில் ஒன்றும் இல்லை. சுரங்கத்துக்குள் தொம்மென்று மோதியது. இன்னொரு முறை. அவ்வளவுதான்.

அவள் இடது கை செயலற்றுத் தொங்கியது. அவளுடைய தோள்தான்.

“ஏளா.”

பிலோமினா. இவ்வளவு நாளும் அவளை ஜெபகனியம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். மடியில் கவசம். குரலில் கோபம்கூட இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆசை மட்டும் இருந்தது.

“அந்த பேப்பரை எங்கையிலதான குடுத்தே. என்னையே கொண்டுபோகச் சொன்னியே. வேணும்னேவா செஞ்சே?”

ஜெபகனி வாயைத் திறக்கவில்லை. தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். பலங்கொண்ட மட்டும் ஆட்டினாள்.

தலை மேலும் கீழுமாகப் போய்வந்தது.

பிலோமினா பார்த்துக்கொண்டே இருந்தாள். “எதுக்குளா?” என்றாள். “அவரு ஒனக்கு என்ன செஞ்சாரு?”

கழுத்து நிற்கவில்லை. நிறுத்த முயன்றாள். முயற்சியே அதை ஆட்டியது. ஆமாம், ஆமாம், ஆமாம். வலது கையால் தாடையைப் பிடித்து நிறுத்தினாள். தொண்டைக்குள் சொற்கள் திரண்டு ஏறிக்கொண்டிருந்தன, எல்லாம் அந்த ஒரே சொல், இல்லை இல்லை இல்லை. வெளியே வரும்போது என்னவாக வருமோ. யாரைக் கொல்லுமோ. மாசானத்தை மூன்றே சொல் கொன்றது. இனி ஒரு சொல்கூட. ஒன்றுகூட.

நாக்கைப் பற்களுக்கு நடுவே வைத்தாள். தாடையைப் பிடித்திருந்த கையால் கீழிருந்து மேலே இடித்தாள். போதவில்லை. சிமெண்ட் தூணில் முகவாயை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, முழு உடம்போடு விழுந்தாள்.

வெள்ளையாக ஒரு வலி. பிறகு வாய் நிறைய வெந்நீர். அதற்குள்ளே ஏதோ தனியாகக் கிடந்தது. துப்பினாள். மழை அதைக் கழுவிக்கொண்டு விளிம்புக்கு இழுத்துப்போனது.

பயம் போய்விட்டது. அதுதான் விசித்திரம். தூணில் சாய்ந்து, டாக்கின் குழியைப் பார்த்தபடி நின்றாள். இனி யாரும் தன்னிடம் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் தன்னால் சொல்ல முடியாது. முடிந்தது.

வால்வு மேடையிலிருந்து வீரபாகு கூப்பிட்டார். அங்கிருந்து குழியின் உள்ளே தெரியாது. பாதியில் சிக்கிய வால்வை இப்படியே விட்டால் தண்டு முறிந்துவிடும் என்றார். முழுக்கத் திறந்தால்தான் உள்ளே கிடக்கிற இரண்டு பேரும் தண்ணீரோடு டாக்குக்குள் வந்து விழுவார்கள், எடுத்து அடக்கம் பண்ணலாம், இல்லையென்றால் மீனுக்குத்தான் என்றார். பிலோமினா கவசத்துக்குமேல் குனிந்து அழத் தொடங்கியிருந்தாள்; திறங்க அண்ணாச்சி, அவரை எடுங்க என்று அழுகைக்குள் சொன்னாள். வீரபாகு சக்கரத்தில் கையை வைத்தார். பிறகு, கவனமான மனிதர் என்பதால், நின்று கேட்டார்.

“கப்பலுக்கு அடியில ஆளுங்க இருந்தாங்களேம்மா. சங்கு ஊதுன பொறவு எல்லாரும் மேல ஏறியாச்சா?”

குழியிலிருந்து ஆட்களை மேலே ஏற்றுகிற சங்கை யாரும் ஊதவில்லை. அதை ஊதுகிற பம்ப்காரன் மெயின் கேட் பக்கம் ஓடிப்போயிருந்தான்.

ஜெபகனி கீழே பார்த்தாள். கப்பலின் அடிவயிற்றின் கீழே, முட்டுக்கட்டைகளுக்கு நடுவே, வரிசையாக விளக்குகள். இதுவரை உள்ளே வந்த தண்ணீர் மழைத்தண்ணீரோடு சேர்ந்து ஓரத்து ஓடையில் ஓடிக்கொண்டிருந்தது. சுத்தியல்கள். டொக் டொக். முதுகுகள். ஆட்கள் கீழே இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். அதில் இல்லை என்கிற சொல் கிடையாது. கூடாது கிடையாது. வேண்டாம் கிடையாது. அது முழுதாக வரும். ஒரு எழுத்தும் குறையாமல் வந்திருக்கும்.

வாயைத் திறந்தாள். ரத்தம் வந்தது. ம்ம் என்று ஒரு ஒலி வந்தது.

“ஆச்சா? சரிம்மா.”

சக்கரம் கிறீச்சிட்டது.

கீழே ஒருவன் முதுகை நிமிர்த்த எழுந்தான். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். மேலே, மஞ்சள் விளக்குக்குக் கீழே, ஆபீஸ் அம்மா மழையில் நின்றுகொண்டிருந்தாள். வெற்றிலை போட்டதுபோல வாயெல்லாம் சிவப்பாக, அவனைப் பார்த்து விடாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவன் சுத்தியலைத் தூக்கி அவளுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு, சிரித்தபடி திரும்பக் கப்பலுக்கு அடியில் குனிந்தான்.